பதினாலு வளைவும் ஒரு ஸ்டெப்னியும்

கொர்னேலியஸ் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கொண்டை ஊசி வளைவில் அவர் வண்டியை ஒடித்துத் திருப்பினால், முன்சீட்டுக்காரரும் கடைசி சீட்டுக்காரரும் ஜன்னல் வழியாகவே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவு நெருக்கமாக வளையும். ஒருமுறை மூடுபனி கெட்டிச் சட்னி மாதிரி இறங்கிவிட்டதாம். கண்டக்டரை முன்னால் நடக்கவிட்டு, பனியைத் திரைச்சீலை போல ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லி, அந்த இடுக்கில் பஸ்ஸை ஓட்டிக் கூடலூர் கொண்டு சேர்த்தார். இதைச் சந்தேகப்பட்டவர் யாரும் அந்த பஸ்ஸில் இருந்ததில்லை என்பதால் கதை இன்றுவரை உறுதியாக நிற்கிறது.

ஆனால் சொந்தக் காலால் மலை ஏறியது கம்மி. சர்ச்சுக்குப் போவதுகூட ஜீப்பில்தான். இத்தனை வருஷம் ஸ்டியரிங்கோடு ஒட்டி உட்கார்ந்ததில், தொப்பையும் அதே வட்டத்துக்கு அச்சில் வார்த்த மாதிரி வளர்ந்திருந்தது. அப்படிப்பட்டவர், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, பைபிளில் வரும் ஆரோகண சங்கீதங்களை இனி நடந்துகொண்டே படிக்கலாம் என்று ஜெபக்குழுவில் அறிவித்தார். அவர் மனைவி பெயர் பெட்டி. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டி, பேசுவது தன் வீட்டுக்காரர்தானா என்று பார்த்தாள்.

காரணம் பெட்டியின் முழங்கால். அது அவளுக்கும் தெரியும். சேரம்பாடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிள்ளைக் காப்பகத்து ஆயாவாக இருந்தவள் அவள். இடுப்பில் இரண்டு, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி ஒரு டிவிஷன் பிள்ளைகள் மொத்தமும் என்று சுமந்ததில் முழங்கால் தேய்ந்து, அவள் உட்கார்ந்து எழுந்தால் கேரள செக்போஸ்ட் வரைக்கும் சத்தம் கேட்டது. போன வருஷம் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். பிசியோ பெண்ணும் நடக்கச் சொன்னாள். பெட்டி அடுப்படியிலிருந்து வாசல்வரை நடந்தாள், வாசலிலிருந்து அடுப்படிவரை நடந்தாள், அதோடு சரி. சர்ச் இருப்பதோ மலை உச்சியில். ஜீப்பில் கூட்டிப்போகிறேன் என்றால், தேயிலைக் கொழுந்து மூட்டை மாதிரி நாலு பேர் தன்னைத் தூக்கி ஏற்றி இறக்குவதற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் போனில்தான் கேட்டாள். அதில் பிரசங்கத்தைவிட இருமல்தான் தெளிவாக விழும்.

இதையெல்லாம் கோயம்புத்தூரிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த மகள் ஆன்சி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஈஸ்டருக்கு வருவாள். அன்றைக்கு அம்மா சர்ச்சுக்குத் தானாக ஏறித் தானாக இறங்க வேண்டும். ஜீப் கூடாது, யாரும் தாங்கிப் பிடிக்கக் கூடாது. முடியவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் அவளோடு கிளம்பிவிட வேண்டும். அவள் குடியிருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, முழங்காலுக்கு வேலையே கிடையாது.

கொர்னேலியஸ் ஆபரேஷன் சமயத்தில் அந்த மாடியில் தங்கியவர். பால்கனியில் போய் நின்றால் எதிர் பால்கனி தெரிந்தது. அதில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. அதுவும் அவரும் தினமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டயரைக் கழற்றி டிப்போவில் ஓரங்கட்டிய வண்டிக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு அங்கேதான் புரிந்தது. மகளைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் பயந்துபோய் இருந்தாள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சில்வஸ்டர் சங்கீதப் படிப்பை ஆரம்பித்தார். சில்வஸ்டர் என்றால் சர்ச், சர்ச் என்றால் சில்வஸ்டர். மணியடிப்பது அவர், பாட்டை எடுத்துக்கொடுப்பது அவர், சாவியும் அவர் இடுப்பில். புதன்கிழமை சாயங்காலம் பெட்டி வீட்டில் கூடும் ஜெபக்குழுவில் அவர் விளக்கினார்: யூதர்கள் பண்டிகைக்குப் பண்டிகை எருசலேமுக்குப் போவார்கள். எருசலேம் மலைமேல் இருக்கிற ஊர், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கடைசியில் ஏறித்தான் ஆக வேண்டும். அப்படி ஏறும்போது பாடியவை என்று சொல்கிற பாட்டுகள் நூற்றிருபதாம் சங்கீதத்தில் தொடங்கிப் பதினைந்து இருக்கின்றன, தலைப்பிலேயே ஆரோகண சங்கீதம் என்று போட்டிருக்கிறது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். கொர்னேலியஸுக்கு மட்டும், ஏற்றம் என்ற சொல் காதில் விழுந்ததுமே உள்ளே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அவர்கள் வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் போகும் ஜீப் ரோட்டில் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற தூரம்தான். வாரம் ஒரு சங்கீதம், வாரம் ஒரு வளைவு. முதல் வாரம் முதல் வளைவில் நின்று நூற்றிருபது. அடுத்த வாரம் அதைப் பாடிக்கொண்டே முதல் வளைவைத் தாண்டி, இரண்டாவதில் போய் நின்று அடுத்தது. இப்படியே ஏறினால் ஈஸ்டருக்கு சர்ச் வாசல் வந்துவிடும்.

"பதினாலு வளைவுக்குப் பதினைஞ்சு பாட்டுங்களே," என்று சில்வஸ்டர் கணக்கைப் பிடித்தார். "ஒண்ணு மிச்சமாகுது."

"ஸ்டெப்னி இல்லாம எந்த வண்டிங்க மலை ஏறுது?" என்றார் கொர்னேலியஸ். கடைசிச் சங்கீதத்துக்கு அன்றிலிருந்து ஸ்டெப்னி என்றே பெயர் நின்றுவிட்டது.

பெட்டி பிடிகொடுக்கவில்லை. பிசியோ பெண் சொல்லிக் கேட்காதவள், சங்கீதம் பாடிய தாவீது ராஜாவே வந்து சொன்னால் கேட்பாள் என்று நினைப்பா என்று கேட்டாள். கொர்னேலியஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவள் வர வேண்டாம், காபி மட்டும் போட்டு வைத்தால் போதும் என்றார். புதன்கிழமை கூட்டம் வாசலைத் தாண்டி முதல் வளைவுக்குப் போனது. அவர்கள் பேசியதில் பாதியைக் காற்று கொண்டுபோனது, மீதிப் பாதி பெட்டியின் காதில் விழுந்தது. நடுவில் ஒரு பெரிய சிரிப்பு வேறு. பாதி கேட்ட பேச்சைப் போல ஒரு மனுஷியை நடக்கவைக்கும் மருந்தை எந்த ஆஸ்பத்திரியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு பெட்டி முதல் வளைவுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

அவளுக்குத் துணையாகப் பக்கத்து லயத்துப் பேச்சியும் வந்தாள். பேச்சியின் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தது. வருஷா வருஷம் பழனிக்கு நடக்கிறவள். சங்கீதத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது நாங்க பாடிக்கிட்டு மலையேறுறதுதானேக்கா, சாமிதான் வேற," என்றாள். அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமையும் தவறவில்லை. மலையேறிப் பாடுவதில் அங்கே முன் அனுபவம் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்தப் பெரிய சிரிப்பு எதற்கென்று பெட்டிக்கும் தெரிந்தது. நூற்றிருபதாம் சங்கீதம், பொய் பேசுகிற உதட்டிலிருந்து என்னைத் தப்புவியும் என்று கெஞ்சுகிறது. சில்வஸ்டர் வாசித்து முடித்ததும் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி கொர்னேலியஸைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது வாரம் மலைகளுக்கு நேராகக் கண்ணை ஏறெடுக்கும் பாட்டு. ஏறெடுத்தார்கள். மேலே மேனேஜர் பங்களாவின் தகரக் கூரை தெரிந்தது. உன் காலைத் தள்ளாட விடமாட்டார் என்று வருகிற இடத்தை மட்டும் பெட்டி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். நாலாவது வாரம், எஜமானின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்காரனின் கண்கள். கொர்னேலியஸ் இதை விளக்கக் கிளம்பினார். வளைவில் பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது டிரைவர் கண் கண்ணாடியில் தெரியும் கண்டக்டரின் கையில்தான் இருக்குமாம். பின்னால் பள்ளம். அந்த நேரம் அழகான பெண் போனாலும் சரி, ஆனை போனாலும் சரி, டிரைவருக்கு உலகத்தில் அந்த ஒரு கைதான் உண்டு. இந்த விளக்கம் எந்தப் பெரிய புத்தகத்திலும் இல்லை என்று சில்வஸ்டர் ஒத்துக்கொண்டார்.

திரும்புவதற்கு, உள்ளூர் டிரைவர் அஜய்யின் ஜீப் இருந்தது. மேலே சரக்கு இறக்கிவிட்டு அந்த நேரத்துக்குச் சும்மாதான் கீழே வரும். ஏறிய களைப்பில் பெட்டியின் கௌரவமும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்து, யாரும் தொடாமல், தானே முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். எல்லாரும் ஜம்மென்று கீழே வந்து காபி குடிப்பார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இறக்கம் ஒரு வேலையே இல்லை, அதை மலையே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு.

ஐந்தாவது வாரம் வந்தது. ஐந்தாவது வளைவில் ஒரு மூங்கில் புதர். வரிசையில் ஐந்தாவது சங்கீதம், எங்களை உயிரோடே விழுங்கியிருப்பார்கள், எப்படியோ தப்பினோம் என்கிற பாட்டு. சில்வஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தபோது பேச்சி ஏதோ வாடையை மோந்து பார்த்தாள். புதர் அசைந்தது. அதற்குள்ளிருந்து வெளியே தெரிந்தது ஒரு பின்பக்கம். டீ ஃபேக்டரிக்கு வாலும் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிறகு கொர்னேலியஸ் சொன்ன கணக்கில், அது காதை ஆட்டிய ஒரே விசிறலில் அவர் கையிலிருந்த பைபிள் தானாகப் புரண்டு கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் போய் நின்றது. உண்மையில் ஆனை இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது தன் சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்தது. ஆனால் அஜய்யின் ஜீப் இன்னும் வரவில்லை. ஜெபக்குழு மொத்தமும் ரோட்டோடு இறங்கி ஓடியது. பெட்டியும் ஓடினாள். ஐந்து வளைவையும் ஒரு பாட்டுகூடப் பாடாமல் இறங்கிய யாத்திரை அது ஒன்றுதான்.

மறுநாள் முழங்கால் பலாப்பழமாக வீங்கியிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மூட்டுக்குச் சேதமில்லை என்று டாக்டர் போனில் சொன்னார். ஐஸ் வைத்துப் படுத்தாள். அடுத்த புதனும் படுத்தாள், அதற்கடுத்த புதனும் படுத்தாள். வீடியோ காலில் பேச்சி போனைத் தவறாகச் சாய்த்ததில் ஆன்சி முழங்காலைப் பார்த்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்ல என்ன லாரி கிடைக்கும் என்று மட்டும் அப்பாவிடம் கேட்டாள். அதுதான் கொர்னேலியஸை உலுக்கியது.

அந்த வாரம் குழு மறுபடி வீட்டுக்குள்ளேயே கூடியது. பாட்டு எடுபடவில்லை. காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெட்டி திடீரென்று கேட்டாள்:

"ஏனுங்க சில்வஸ்டர், பதினைஞ்சு பாட்டும் ஏறறதுக்கே இருக்குதே. ஏறிப் போனவங்க அங்கேயேவா இருந்துட்டாங்க? ஊட்டுல ஆடு மாடு இருந்திருக்குமில்லீங்க? எறங்கறதுக்கு ஒரு பாட்டுமில்லையா?"

சில்வஸ்டர் பக்கத்தை முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு முறுக்கு ஒன்றை எடுத்து, பதில் அதற்குள் இருப்பது போல ரொம்ப நேரம் மென்றார்.

கொர்னேலியஸ் எழுந்து வெளியே போய் முதல் வளைவில் நின்றுகொண்டார். மேலேயிருந்து கொழுந்து லாரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அவர் காதைப் பிடித்து இழுத்தது. முழு லோடோடு, பிரேக்கை நம்பாமல், சின்ன கியரில் முனகி முனகி, நத்தை மாதிரி வளைவு வளைவாக வந்தது. மலைப்பாதைக்குப் புதிதாக வருகிற டிரைவருக்கெல்லாம் அவர் முதலில் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இறக்கம்தானே என்று நியூட்ரலில் விட்டவன் வண்டியைப் பள்ளத்தில் போய்த்தான் தேட வேண்டும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவர், சொந்தப் பெண்டாட்டிக்கு ஏறுவதை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டிருக்கிறார்.

வீக்கம் வற்றியதும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு தலைகீழ் யாத்திரை ஆரம்பமானது. அஜய்யின் ஜீப் அவர்களை ஐந்தாவது வளைவில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து இறங்கி வருவார்கள். சில்வஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. ஆரோகணத்தைப் பாடிக்கொண்டு இறங்குவதா, அதுவும் நூற்றிருபத்துநாலு, இருபத்துமூன்று என்று பின்னாலிருந்தா? ஆமென்னில் தொடங்கி ஜெபம் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்றார்.

"ஏறுன பாட்டுலதானுங்க எறங்கோணும்," என்றார் கொர்னேலியஸ். "கியரை மாத்துனா வண்டி ஓடிப்போயிரும்."

முடிவில் சில்வஸ்டரின் குறையே உதவிக்கு வந்தது. அவர் பாடினால் அவ்வளவு மெதுவாகப் பாடுவார். கிறிஸ்துமஸுக்கு அவர் எடுத்த பாட்டு புது வருஷ ஆராதனையில்தான் முடிந்தது என்று பாடகர் குழுவில் பேச்சு உண்டு. அந்தத் தாளம் பெட்டியின் காலுக்கு அளந்து தைத்தது போல இருந்தது. ஒரு சொல்லுக்கு ஓர் அடி. கம்பு முதலில், கால் பிறகு. நேராக இறங்காமல் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சாய்ந்து சாய்ந்து. வளைவு வந்தால் நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்த பாட்டு. கொர்னேலியஸ் பின்னாலேயே வந்து விசில் அடிப்பார். ஒரு விசில் நில், இரண்டு விசில் போகலாம். பெட்டி முதல் விசிலை மட்டும் மதித்தாள், இரண்டாவதுக்கு அவள் இஷ்டம். வளைவு கூடக் கூட தொப்பை வற்றி அவருடைய பெல்ட்டும் தளர்ந்துகொண்டே போனது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

இறக்கம் பழகியதும் மறுபடி மேலே ஏறவும் தொடங்கினார்கள். விட்டுப்போன வாரங்களை ஈடுகட்ட, ஐந்தாறு வசனமுள்ள சின்னச் சங்கீதங்களை இரண்டிரண்டாக முடித்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் வந்தபோது பதின்மூன்று வளைவு ஏறி, பதின்மூன்றும் இறங்கியாகிவிட்டது. ஒரு வளைவு பாக்கி. ஸ்டெப்னியை யாரும் தொடவே இல்லை.

ஈஸ்டர் காலையில் ஆன்சி வெள்ளை வெளேரென்ற புது ஷூவோடு நின்றாள். வெயில் ஏறும் முன்னே கிளம்பினார்கள். பதினாலு பாட்டையும் பாடி, பதினாலு வளைவையும் ஏறி, பெட்டி சர்ச் வாசலை மிதித்தபோது உள்ளே பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலோரம் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தை யாரோ விட்டுவைத்திருந்தார்கள். அன்றைய பிரசங்கத்தில் ஓர் இருமல்கூட அவள் காதில் விழவில்லை.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தால், அஜய்யின் ஜீப் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. ஆன்சி ஏற்பாடு. படியில் நின்ற பெட்டியின் கால் லேசாக நடுங்கியது. எல்லாருமே பார்த்தார்கள்.

"போதும்மா," என்றாள் ஆன்சி. குரலில் கண்டிப்பே இல்லை. "ஏறினதே பெருசு. ஜீப்ல போயிடலாம்."

ஜீப்பில் போனால் நாலாவது மாடிக்கும் போக வேண்டியதுதான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கொர்னேலியஸ் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

பெட்டி கம்பைச் சரியாக ஊன்றிக்கொண்டாள். "சில்வஸ்டர், அந்த ஸ்டெப்னியை எடுங்க."

சில்வஸ்டர் படியில் நின்றே வாசித்தார். மொத்தமே மூன்று வசனம். இரவிலே கர்த்தரின் வீட்டில் நிற்கிற ஊழியக்காரர்களே, கைகளை உயர்த்தித் துதியுங்கள் என்று தொடங்குகிறது. சீயோனிலிருந்து கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார் என்று முடிகிறது. சீயோன் என்றால் அந்தக் கோயில் மலை. பெட்டி கடைசி வசனத்தை மறுபடி கேட்டாள். ராத்திரியிலும் கோயிலில் நிற்பது யார் என்று கேட்டாள். அங்கேயே இருந்து காவல் பார்க்கிறவர்கள், வேலை செய்கிறவர்கள் என்றார் சில்வஸ்டர்.

"அப்ப இது ஏறறவங்க பாட்டில்லீங்க," என்றாள் பெட்டி. "கும்பிட்டு முடிச்சுக் கிளம்பறவங்க, அங்க இருக்கறவங்களுக்குச் சொல்றது. கடைசி வசனம், இருக்கறவங்க கிளம்பறவங்களுக்குச் சொல்லி அனுப்பறது. எறங்கறதுக்கு இதுதானுங்க பாட்டு."

சில்வஸ்டர் அந்த வசனத்தை விரலால் தொட்டுப் படித்தார். படித்தவர்கள் சிலர் அப்படி எழுதியிருப்பதைத் தானும் வாசித்திருப்பதாகவும், வாசித்தபோது உறைக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு புத்தகத்தை மூடினார். சர்ச்சைப் பூட்ட வேண்டியவர் அவர், இருக்கப்போகிறவரும் அவர்தான். படியில் நின்றபடியே கையை உயர்த்தி, தன் நத்தைத் தாளத்தில் அந்தக் கடைசி வசனத்தைப் பாட ஆரம்பித்தார். கம்பு முதலில், கால் பிறகு. பெட்டி ஜீப்பைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தாள்.

உச்சி வளைவில் கால் நடுங்கியது, அடுத்ததில் குறைந்தது, அதற்கடுத்ததில் தாளம் பிடித்துக்கொண்டது. கொர்னேலியஸ் விசில் அடிக்க மறந்து பின்னாலேயே வந்தார். ஆன்சியின் புது ஷூ சரளையில் சறுக்கிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் அவள் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆள் தாங்கக் கூடாது என்று சொன்னது யார் என்று பேச்சி விசாரித்தாள். கீழே வந்து சேர்ந்ததும் ஆன்சி வீட்டுக்கு முன்னால் இருந்த சின்னப் பாலத்து மதில்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். குதிகால் இரண்டிலும் கொப்புளம். பெட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, மகளின் பாதத்தை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள்.

"உங்க லிஃப்ட்டுல ஏறறப்ப என்ன கண்ணு பாடறது?" என்று கேட்டாள். "ஒரு வசனம் முடியறதுக்குள்ள கதவு தொறந்துக்குமே."

ஆன்சி சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தாள், அதில் பாதி அழுகையும் இருந்தது. மே மாசம் இரண்டு பேரும் கோயம்புத்தூர் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனால் போதும், விருந்தாளியாக, என்றாள். லாரியைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

பெட்டி பதினாலு வளைவையும் ஓட்டமாகவே இறங்கினாள் என்றும், ஐந்தாவது வளைவில் ஆனை ஓரமாக ஒதுங்கித் தும்பிக்கையைத் தூக்கி வழிவிட்டது என்றும் அன்று சாயங்காலமே டீக்கடையில் கொர்னேலியஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியிடம் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. புதன்கிழமை எந்தப் பக்கம் போகிறோம் என்று மட்டும் விசாரித்தாள்.